தட்டினால் கருந்துளை என்ன சொல்லும்?

(நூற்றாண்டு விழாப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், கணிதப் பிரிவில் கற்றவர்கள் சார்பில் ஆற்றிய உரை)



பழைய மாணவிகள் மேடையேறினால் விடுதிச் சோறு, மழைக்கால ஊறிய சப்பாத்து, தலைமை மாணவியின் கோபம் என்று பேச்சு போகும் என்பது தெரிந்ததே. அவை எல்லாம் இந்த மலரில் வேறு பக்கங்களில் இருக்கின்றன. சங்கம் நம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்று: கணிதம் படித்தவர்கள் கணிதத்தையே பேசுங்கள், ஆனால் எல்லோருக்கும் விளங்கப் பேசுங்கள். ஆகவே, ஒரு கருந்துளையை மெல்லத் தட்டினால் என்ன நடக்கும் என்பதைப் பேச வந்திருக்கிறோம். புத்தகத்தில் இதன் பெயர் கோளச் சமச்சீர் கொண்ட வெளிநேரத்தின் உலைவுக் கோட்பாடு. பெயர் பயமுறுத்தும், உள்ளே இருக்கும் கேள்வி பயமுறுத்தாது.

ஐன்ஸ்டைன் 1915 நவம்பரில் பொதுச் சார்பியலின் சமன்பாடுகளை முடித்தார். பொருள் இருக்கும் இடத்தில் வெளியும் நேரமும் வளைகின்றன, அந்த வளைவையே நாம் ஈர்ப்பு என்கிறோம் என்பது அதன் சாரம். அந்தச் சமன்பாடுகள் பத்து, ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. அவற்றுக்குச் சரியான தீர்வு கிடைக்க நெடுங்காலம் ஆகும் என்றே அவர் எண்ணியிருந்தார். சில வாரங்களிலேயே, முதலாம் உலகப் போரில் படைச் சேவையில் இருந்த கார்ல் சுவார்ஸ்சைல்ட் என்ற ஜேர்மானிய வானியலாளர் ஒரு தீர்வை அனுப்பிவைத்தார். அது 1916இல் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதம் அவர் நோயால் இறந்தார்.

அவருக்கு அது எப்படி முடிந்தது? உருண்டையாக எடுத்துக்கொண்டதால். எந்தத் திசையில் இருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி இருக்கும் பொருள் என்றால் திசைகளைப் பற்றிக் கவலைப்படவேண்டியதில்லை. மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பது ஒன்றே போதும். பத்துச் சமன்பாடுகளின் சிக்கல் ஒரு தூரத்தின் கணக்காகச் சுருங்கிவிடுகிறது. இதைத்தான் கோளச் சமச்சீர் என்கிறோம். அந்தத் தீர்வுக்குள் ஓர் ஆரை ஒளிந்திருந்தது. சூரியனின் முழுத் திணிவையும் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் ஆரைக்குள், பூமியின் திணிவை 9 மில்லிமீற்றர் ஆரைக்குள், அதாவது ஒரு சிறிய கோலிக்குண்டுக்குள், அடக்கினால் அங்கிருந்து ஒளியும் வெளியே வராது. கருந்துளை என்ற பெயர் 1967க்குப் பின்னர்தான் புழக்கத்துக்கு வந்தது. பொருள் 1916இலேயே தாளில் இருந்தது.

ஆனால் தாளில் இருப்பதெல்லாம் உலகத்தில் இருக்கும் என்று சொல்லமுடியாது. ஊசிமுனையில் ஒரு முட்டையை நிறுத்திவைக்கலாம் என்று சமன்பாடு சொல்லும், யாரும் கண்டதில்லை. காரணம், சின்னக் காற்று பட்டாலும் விழுந்துவிடும். ஆகவே எந்தத் தீர்வைக் கண்டாலும் அடுத்துக் கேட்கவேண்டியது இது: அதைச் சிறிதளவு அசைத்தால் பழைய நிலைக்குத் திரும்புமா, அல்லது அந்தச் சிறு அசைவு வளர்ந்து வளர்ந்து முழுவதையும் கொண்டுபோய்விடுமா? ஊவாவில் இருக்கும் நமக்கு இந்தக் கேள்வியை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஆண்டுக்கணக்காக அசையாமல் நின்ற ஒரு சரிவு 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களின் மேல் இறங்கியது. நிற்கிறது என்பது வேறு, உறுதியாக நிற்கிறது என்பது வேறு. இந்த வித்தியாசத்தைக் கணிதத்தில் சொல்லும் வழிதான் உலைவுக் கோட்பாடு.

கருந்துளை பற்றி இந்தக் கேள்வியை முதலில் முறையாகக் கேட்டவர்கள் இத்தாலியரான துல்லியோ ரெஜ்ஜேயும் அமெரிக்கரான ஜோன் வீலரும். ஆண்டு 1957, ரெஜ்ஜேக்கு அப்போது வயது இருபத்தாறு. அவர்கள் செய்த தந்திரம் எளிது. ஓர் இறப்பர் பந்தை எத்தனை விதமாக உருமாற்றலாம் என்று யோசித்துப் பாருங்கள். முழுப் பந்தும் ஒரே அளவாக ஊதிச் சுருங்கலாம். பந்து அப்படியே பக்கத்துக்கு நகரலாம். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே அமுக்குப்பட்டு முட்டை வடிவாகலாம். அதற்கு மேல் மூன்று முனை, நான்கு முனை என்று போய்க்கொண்டே இருக்கும். எப்படிப்பட்ட கோணல் ஆனாலும், இந்த அடிப்படை உருமாற்றங்களில் எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லிவிடலாம். உருண்டை என்பதால் இவை ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. முதலாவது வகை, ஒரே அளவாக ஊதிச் சுருங்குவது, வெளியே எந்த ஈர்ப்பலையையும் அனுப்பாது. பிர்க்கொஃப் என்பவர் 1923இல் வெளியிட்ட தேற்றம் இதற்குக் காரணம்: கோளச் சமச்சீர் கெடாதவரை, உள்ளே பொருள் எப்படித் துடித்தாலும் வெளியே உள்ள வெற்றுவெளி சுவார்ஸ்சைல்டின் தீர்வாகவே இருக்கும். இரண்டாவது வகை வெறும் இடமாற்றம், அல்லது மெல்லிய ஒரு சுழற்சி. ஆகவே அலை பிறப்பது மூன்றாவதிலிருந்து, அந்த உள்ளங்கை அமுக்கலிலிருந்துதான்.

இங்கே மாணவிகள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. சற்று நின்று போவோம். பசறை வீதியில் உள்ள கிலோமீற்றர் கற்களை இரவோடிரவாக யாரோ இடம் மாற்றி நட்டுவிட்டார்கள் என்று வையுங்கள். காலையில் பார்த்தால் எல்லாத் தூரமும் மாறியிருக்கும். நமுனுகலை மலை நகர்ந்துவிட்டதா? இல்லை, கல் மட்டும்தான் நகர்ந்தது. பொதுச் சார்பியலில் நாம் இடத்துக்கும் நேரத்துக்கும் இடுகின்ற ஆள்கூறுகள் இந்தக் கற்கள் போன்றவை. கணக்கில் ஓர் உலைவு தெரிந்தால், அது வெளிநேரம் உண்மையில் அசைந்ததா அல்லது நாம் கல்லை மாற்றி நட்டதா என்று பிரித்தறியவேண்டும். ரெஜ்ஜேயும் வீலரும் கற்களை ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் நட்டுச் சமாளித்தார்கள். கல்லை எப்படி நட்டாலும் மாறாத அளவுகளைக் கொண்டே முழுக் கணக்கையும் எழுதலாம் என்று 1974இல் வின்சென்ட் மொன்கிரீஃப் காட்டினார். 1979இல் கெர்லாக், சென்குப்தா இருவரும் அதை எந்தக் கோளச் சமச்சீர் வெளிநேரத்துக்கும் பொருந்தும்படி விரித்தார்கள். உள்ளே பொருள் இருந்தாலும், அது காலத்தோடு சுருங்கிக்கொண்டிருந்தாலும்கூட. கேட்க நுணுக்கமாக இருக்கும், ஆனால் பாதிப் பிழைகள் இந்தக் கல்லில் தடுக்கித்தான் வருகின்றன.

இத்தனை வேலைக்குப் பின் மிஞ்சுவது ஒரே ஓர் அலைச் சமன்பாடு. அதில் ஒரு குன்று இருக்கிறது. கருந்துளையின் ஆரையைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு தூரத்தில், சமன்பாட்டுக்குள் எழும்பி நிற்கும் குன்று. வெளியிலிருந்து வரும் அலை அதில் மோதி, ஒரு பங்கு கடந்து உள்ளே விழும், ஒரு பங்கு திரும்பி வரும்.

ரெஜ்ஜே, வீலர் இருவராலும் கேள்வியை முடிவுவரை கொண்டுபோக இயலவில்லை. கருந்துளையின் விளிம்பில் அவர்களுடைய ஆள்கூறுகள் பயனற்றுப்போயின. அங்கே எந்த அலையை அனுமதிப்பது, எதை விலக்குவது என்று தீர்மானிக்கமுடியவில்லை. அதைத் தீர்த்தவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே சொல்லலாம். பெங்களூரில் 1938இல் பிறந்த சி. வி. விஸ்வேஸ்வரா, கன்னடத்தவர். அமெரிக்காவில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் மிஸ்னரிடம் ஆய்வு மாணவராக இருந்தபோது இதை எடுத்தார். விளிம்பிலும் செல்லுபடியாகும் குருஸ்கலின் ஆள்கூறுகளைக் கையாண்டு, வளர்ந்துகொண்டே போகக்கூடிய உலைவு எதுவும் கருந்துளைக்கு இல்லை என்று நிறுவினார். 1970இல் அது வெளியானது. அதாவது, தட்டினால் விழாது. முட்டை ஊசிமுனையில் இல்லை, கிண்ணத்தின் அடியில் இருக்கிறது.

அதோடு அவர் நிற்கவில்லை. விழாது என்றால் வேறு என்ன செய்யும்? கணினியில் கருந்துளையை நோக்கி அலைத் துடிப்புகளை எறிந்து பார்த்தார். துடிப்பு மிக அகலமாக இருந்தபோது விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. துடிப்பை ஒடுக்கி, கருந்துளையின் பருமனளவுக்குக் கொண்டுவந்தபோது, திரும்பி வந்த அலையின் வாலில் ஓர் ஒழுங்கான அதிர்வு தெரிந்தது. அதிர்ந்து, தணிந்து, அடங்கியது. எறிந்த துடிப்பின் வடிவத்தை மாற்றினாலும் அந்த வால் மாறவில்லை. அதன் மீடிறனும் அது தணியும் வேகமும் கருந்துளையின் திணிவை மட்டுமே பொறுத்திருந்தன. அதே 1970இல் "நேச்சர்" இதழில் வந்த அந்தக் கட்டுரை சிறியதுதான்.

இதை மணியோசைக்கு ஒப்பிடுவது உலக வழக்கம். நமக்கு அந்த உவமையில் முழுத் திருப்தி இல்லை. பாடசாலையில் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டினால் ஆற்றங்கரை வரை ரீங்காரம் போகும். கருந்துளை அப்படி நீட்டி ஒலிப்பதில்லை. கணக்குப்படி, ஒவ்வோர் அலைவுக்கும் வீச்சம் நாலில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டு மூன்று அலைவோடு சரி. காய்ச்சாத ஈரத் தப்பில் அடித்ததுபோல ஒரு "தொம்". காரணமும் விளங்கக்கூடியதே: நாம் சொன்ன அந்தக் குன்றின் உச்சியில் தங்கும் அலை இரண்டு பக்கமும் சரிகிறது, வெளியே விண்வெளிக்கும் உள்ளே கருந்துளைக்கும். தணியும் எளிமை இசை இயக்கத்தை உயர்தரத்தில் படித்த தங்கைமாருக்கு இந்த வளைகோடு பழக்கமானதே. சூரியனைப் போல பத்து மடங்கு திணிவுள்ள, சுழலாத கருந்துளைக்கு மீடிறன் ஏறத்தாழ 1200 ஹேர்ட்ஸ். தணிய எடுக்கும் நேரம் ஒரு செக்கனின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவு. திணிவு இரட்டித்தால் மீடிறன் பாதியாகும். பெரிய தப்புக்குக் கனத்த ஓசை.

விஸ்வேஸ்வரா பின்னர் பெங்களூருக்குத் திரும்பி, அங்குள்ள ஜவஹர்லால் நேரு கோளரங்கத்தின் நிறுவுநர் இயக்குநராகிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டினார். அவருடைய துணைவியார் சரஸ்வதி விஸ்வேஸ்வரா உயிர்ப்பௌதிகப் பேராசிரியை. மகள் ஸ்மித்தா அமெரிக்காவில் பௌதிகவியல் பேராசிரியை. பெண்கள் படித்தால் வீடு என்னவாகும் என்று இன்னும் கேட்பவர்களிடம் இந்த வீட்டைச் சொல்லலாம்.

இனித் தமிழர் ஒருவரிடம் வருவோம். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர். 1930இல் கப்பலில் இங்கிலாந்து போகும் வழியிலேயே, இறந்த நட்சத்திரத்தின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டு என்று கணக்கிட்டதும், 1935இல் எடிங்டன் அதைச் சபையில் எள்ளி நகையாடியதும் பலருக்குத் தெரிந்த கதை, விட்டுவிடுவோம். நாம் சொல்ல வந்தது அவருடைய அறுபதாம் வயதுக்குப் பிந்திய கதை. ஓய்வூதியத்தைப் பற்றி யோசிக்கும் வயதில் அவர் கருந்துளைகளின் உலைவுக் கணக்கைப் புதிதாகத் தொடங்கினார். 1975இல் ஸ்டீவன் டெட்வைலர் என்ற இளைஞருடன் சேர்ந்து, விஸ்வேஸ்வரா கண்ட அந்தத் தணியும் அதிர்வுகளின் மீடிறன்களை ஒழுங்காகக் கணித்து அட்டவணையிட்டார்.

அந்த வேலையில் கிடைத்த ஒரு முடிவு நமக்கு இன்றும் வியப்பு. கருந்துளையை இரண்டு விதமாக உலைக்கலாம். ஒன்று ஈரத்துணியைப் பிழிவதுபோன்ற முறுக்கல். ரெஜ்ஜேயும் வீலரும் எழுதிய சமன்பாடு அதற்கானது. மற்றது உள்ளங்கையால் அமுக்குவது. அதற்கான சமன்பாட்டை 1970இல் பிராங்க் செரில்லி கண்டார். இரண்டிலும் குன்றின் வடிவம் வேறு, சூத்திரமும் வேறு. செரில்லியுடையது பார்க்கவே கரடுமுரடானது. வெவ்வேறு தோல், வெவ்வேறு சட்டம் என்றால் வெவ்வேறு ஓசைதானே வரவேண்டும்? இரண்டும் ஒரே மீடிறன்களில்தான் ஒலிக்கின்றன. ஒரு சமன்பாட்டிலிருந்து மற்றதற்குப் போகும் மறைவான பாதை ஒன்று இருப்பதைச் சந்திரசேகர் காட்டினார். சமன்பாடுகளுக்குள் மறைந்து கிடக்கும் இந்த உறவுகளைத் துருவித் துருவித் தேடி, 1983இல் "கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு" என்ற அறுநூறு பக்கத்துக்கும் மேற்பட்ட நூலை வெளியிட்டார். அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. ஆனால் அது நட்சத்திரங்கள் பற்றிய வேலைக்காக.

பெண்கள் பாடசாலை மேடையில் நின்று சந்திரசேகரைப் பற்றிப் பேசினால் அவரைச் சூழ்ந்திருந்த பெண்களையும் சொல்லாமல் இறங்கக்கூடாது. அவருடைய தாயார் சீதாலட்சுமி அதிகம் பள்ளிக்கூடம் காணாதவர். தாமாகவே ஆங்கிலம் கற்று, இப்சன் எழுதிய "பொம்மை வீடு" நாடகத்தைத் தமிழாக்கினார். வீட்டை விட்டு வெளியேறும் ஒரு மனைவியின் கதை அது. தாம் நோயுற்றிருந்தபோதும் மகனைக் கேம்பிரிட்ஜுக்குப் போகச் சொன்னவர் அவரே. 1931இல் அவர் இறந்தபோது மகன் அருகில் இல்லை. துணைவியார் லலிதா, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் படித்தவர். லலிதாவின் பெரியம்மா சகோதரி சுப்பலட்சுமி, பதினொரு வயதில் விதவையாகி, 1911இல் பட்டம் பெற்று, சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லமும் பாடசாலையும் நடத்தியவர். அப்படிப்பட்ட குடும்பத்தில் வந்த லலிதா 1936இல் திருமணத்துக்குப் பின் பௌதிகவியலைத் தொடரவில்லை. 2013இல், நூறு வயது கடந்து மறைந்தார். அவர் தொடர்ந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்ற கேள்விக்கு எந்த அட்டவணையிலும் விடை இல்லை. கணவரின் பணிக்குத் துணைநின்றார் என்று பாராட்டி முடிப்பது வழக்கம். அந்த வழக்கத்தை இந்த மேடையில் நாம் பின்பற்றவில்லை.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். 1940களில் சந்திரசேகர் யேர்க்ஸ் வானாய்வகத்தில் வசித்தபடி, வாராவாரம் நெடுந்தூரம் கார் ஓட்டிச் சிக்காகோவுக்குப் போய் ஒரு வகுப்பு எடுத்தார் என்றும், அந்த வகுப்பில் இருந்தவர்கள் இரண்டே பேர் என்றும் சொல்வார்கள். அந்த இருவர் லீ, யாங். 1957இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆசிரியருக்கு அதற்கு இருபத்தாறு ஆண்டு கழித்துத்தான். இதை ஏன் சொல்கிறோம் என்பது இங்குள்ள பலருக்கு விளங்கும். இணைந்த கணித வகுப்பில் பிள்ளைகள் போதாது, நாலு பேருக்காக ஆசிரியர் ஒருவரை வைத்திருக்க முடியாது, கலைப் பிரிவுக்குப் போங்கள் என்று சொல்லப்பட்ட தங்கைமார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். சிலர் விடிய முன்னமே தோட்டத்தில் இருந்து இறங்கி, பதுளைக்கு பஸ் ஏறி அந்தப் பாடத்தைப் படித்தார்கள். சிலர் விட்டுவிட்டார்கள். சங்கம் இந்த நூற்றாண்டு நிதியில் முதலில் செய்யவேண்டியது மண்டபத்துக்குப் புதுத் திரைச்சீலை போடுவதல்ல, அந்த நாலு பேருக்கு ஓர் ஆசிரியரை வைப்பதே என்பது நம் எல்லோரின் கருத்து. செயற்குழுவுக்கு எழுத்திலும் கொடுத்திருக்கிறோம்.

கணக்குக்குத் திரும்புவோம். உண்மையான கருந்துளைகள் பெரும்பாலும் சுழல்பவை. சுழன்றால் கோளச் சமச்சீர் கெடும். அதற்கான உலைவுச் சமன்பாட்டைச் சோல் ட்யூகோல்ஸ்கி 1972-73இல் எழுதினார். வழியெல்லாம் கோளத்தில் போட்ட வழிதான். பிறகு நாற்பது ஆண்டு காத்திருப்பு. 2015 செப்டெம்பர் 14ஆம் திகதி அமெரிக்காவில் லைகோ என்னும் இரண்டு கருவிகள், ஒவ்வொன்றும் 4 கிலோமீற்றர் நீளக் கைகளைக் கொண்டவை, முதல் ஈர்ப்பலையைப் பதிந்தன. 130 கோடி ஒளியாண்டு அளவு தொலைவில், சூரியனைப் போல ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் திணிவுள்ள இரு கருந்துளைகள் ஒன்றாகி, 62 மடங்கு திணிவுள்ள ஒன்று பிறந்தது. மிச்சம் மூன்று சூரியன்களின் திணிவு அலையாகப் போய்விட்டது. பதிவின் கடைசியில் 250 ஹேர்ட்ஸ் அளவில் ஒரு சிறு அதிர்வு, சில மில்லிசெக்கன்களில் அடங்கியது. விஸ்வேஸ்வரா 1970இல் கணினியில் கண்ட அதே வால். 2016 பெப்ரவரியில் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இருந்தார். 2017 ஜனவரியில் மறைந்தார். சந்திரசேகர் 1995இலேயே போய்விட்டார். அறிவிப்பு மேடையில் லைகோ விஞ்ஞானிகள் சார்பில் பேசியவர் கப்ரியேலா கொன்சாலஸ் என்ற ஆர்ஜென்டீனப் பெண்மணி. அந்தக் கருவியின் நுட்பத்தில் பெரும் பங்கு வகித்தவர்களில் ஒருவர் நர்கிஸ் மாவால்வாலா. சந்திரசேகர் பிறந்த அதே லாகூரில் பிறந்து, கராச்சியில் பெண்கள் கொன்வென்ட் பாடசாலையில் படித்தவர்.

முதல் பதிவில் அந்த வால் மங்கலாகத்தான் இருந்தது. பத்தாண்டில் கருவிகள் கூர்மையாயின. 2025 ஜனவரி 14ஆம் திகதி வந்த இன்னோர் அலையில், தணியும் அதிர்வின் அடிப்படைச் சுரத்தோடு அதன் மேற்சுரம் ஒன்றையும் சேர்த்துப் பிரித்தறிய முடிந்தது. இரண்டும் கணக்கிட்டிருந்த இடத்திலேயே இருந்தன. அந்தச் சுரங்களிலிருந்து புதிய கருந்துளையின் பரப்பையும் கணித்தார்கள். சேருமுன் இரண்டின் பரப்பும் கூட்டினால் ஏறத்தாழ 2,40,000 சதுர கிலோமீற்றர். சேர்ந்தபின் ஏறத்தாழ 4,00,000. ஆறு இலங்கை அளவு. பரப்பு ஒருபோதும் குறையாது என்று ஹோக்கிங் 1971இல் சொன்னதோடு இது ஒத்துப்போகிறது.

நேரம் போய்விட்டது, தேநீர் ஆறுகிறது என்று தலைவி கண்ணால் சொல்கிறார். ரெஜ்ஜே, வீலர் சமன்பாட்டை முழுவதும் எழுதிப் பார்க்க விரும்பும் தங்கைமாருக்காகப் பன்னிரண்டாம் வகுப்பு அறையில் பலகையும் வெண்கட்டியும் வைத்திருக்கிறோம். அரை மணி நேரம் அங்கே இருப்போம். இரண்டு பேர் வந்தாலும் போதும்.